மூணு முறைத் தண்ணி

— பையை அப்புறம் இறக்கலாம்டி ஜிபார், முதல்ல இதைக் கேளு. மூணு முறை! உன் பங்குக்கு வந்த மூணு முறைத் தண்ணியையும், ஒரு சொட்டு என் பக்கம் திரும்பாம, அப்படியே உன் முன்வாசல் தோட்டத்துக்கு விட்டேன். இந்தப் பூபுசாரா ஒரு வாக்குக் கொடுத்தா கொடுத்ததுதான், கேட்டியா?

— மூணு முறையுமா அக்கா?

— ஏன், கம்மியா? நீ மக பிரசவத்துக்குன்னு பிஷ்கெக் போய் நாப்பது நாள் ஆகுது. வாய்க்கால்ல பன்னெண்டு நாளைக்கு ஒருக்காத்தான் நம்ம தெருவுக்கு முறை. நீயே கூட்டிப் பார்த்துக்கோ. ‘தோட்டத்தைப் பார்த்துக்கங்க அக்கா’ன்னு ஓடிப்போய் வண்டி ஏறுனியே, அதை நான் மறப்பேனா?

— இல்லக்கா, நீங்க மறக்க மாட்டீங்க. அந்த வேலியோரம் கல் அடுக்கி ஒரு பாத்தி இருக்கே, அதுக்கும் விட்டீங்களா?

— அதுக்குத்தான் முதல்ல! முழங்கால் வரைக்கும் சேறு எனக்கு. தண்ணி குளமா நின்னுச்சு. தவளை வந்து கத்துச்சுன்னா பாரேன்.

— தவளையா?

— ஒண்ணில்ல, ரெண்டு. அப்புறம் களை மண்டிப்போச்சு. அதையும் நான்தான் உட்கார்ந்து பிடுங்கினேன். இடுப்பு போச்சு. இப்போ பார்த்தியா, ஒரு களை இருக்கா?

— இல்லக்கா. சுத்தமா இருக்கு.

— ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. இவ்வளவு விட்டும் உன் தோட்டம் இந்த லட்சணத்துலதான் நிக்குது. காய்ஞ்சு, மஞ்சளா, சீப்பு படாத தலையாட்டம். அது என் குத்தம் இல்லை, நீ வச்சிருக்கற செடி அப்படி. போன வருஷம் டவுன்லேர்ந்து இந்த ஊருக்குக் குடி வந்த. வந்ததும் என்ன பண்ணின? ஊரெல்லாம் முன்னாடி டேலியா, பின்னாடி பீன்ஸுன்னு போட்டிருக்க, நீ மட்டும் மலையில ஆடு மேயற புல்லையும் மாசிபத்திரியையும் கொண்டாந்து வாசல்ல நட்ட. எதிர்வீட்டு சலிமா என்ன கேக்கறா தெரியுமா? ‘உன் ஓரகத்தி ஆட்டுக்கு விருந்து வைக்கறாளா’ங்கறா.

— வச்சாச்சுன்னு சொல்லிடுங்க அக்கா.

— சொல்லிட்டேன். ‘ஆடு வந்து கூப்பிடும், நீயும் வா’ன்னு சொன்னேன்.

— உங்க பீன்ஸ் மட்டும் கும்முன்னு பச்சையா நிக்குதே அக்கா. பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் பார்த்தேன், எல்லார் வயலும் வாடிக் கிடக்கு.

— அதுவா? அது தாழ்வான நிலம். ஈரம் தங்கும். சரி வா, டீ ஆறுது, போர்சோக் பொரிச்சு வச்சிருக்கேன். பேரனை நாப்பதாம் நாள் குளிப்பாட்டினீங்களா? நாப்பது கரண்டி தண்ணி ஊத்தினீங்களா, இல்ல டவுன்காரங்கன்னு குழாயைத் திறந்து விட்டுட்டாங்களா?

— ஊத்தினோம் அக்கா. நாப்பது கரண்டி. எண்ணி எண்ணித்தான் ஊத்தினோம்.

— ஏன் குரல் இறங்கிப்போச்சு? தோட்டம் நான் பார்த்துக்கிட்ட விதம் பிடிக்கலையா?

— ஐயோ, இல்லக்கா. இவ்வளவு சிரமப்பட்டிருக்கீங்களேன்னுதான். இந்த வறட்சியில யாராவது தண்ணியை விட்டுக் கொடுப்பாங்களா? எனக்காக யாரும் இப்படிச் செஞ்சதில்லை.

— சரி சரி, பெருசாப் பேசாத. கொழுந்தன் பொண்டாட்டிக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறேன். கண்ணைத் துடை முதல்ல.

— பஸ்ஸுல ஒரே தூசிக்கா.

*

— ஏங்க, கையை நீட்டுங்க.

— எதுக்கு? நான் மலையிலேர்ந்து ஆட்டை இறக்கிக் கொண்டாந்து மூணு நாள்தான் ஆச்சு, இன்னும் கை கழுவவே நேரமில்லை. நீ என்னடான்னா காலையிலேர்ந்து வேலியோரம் மண்டி போட்டு உட்கார்ந்திருக்க.

— நீட்டுங்கன்னா.

— இந்தா. ஐயய்ய, என்னது இது? கொழகொழன்னு?

— துலிப் கிழங்கு. நம்ம துலிப்பு.

— நாறுதே ஜிபார்.

— அழுகினா நாறத்தானே செய்யும்? இந்த வேலியோர வரிசையில நாலு இடத்துல தோண்டினேன். நாலும் கூழு.

— இது அந்த டப்பாவுல வளர்த்தியே, அதுவா? நீ விதைக் கிடங்குல வேலையில இருந்தப்போ ஜன்னல் பூரா அடுக்கி வச்சு, எனக்குச் சிகரெட் பிடிக்கக்கூட இடம் இல்லாம பண்ணினியே?

— அதேதான். குவாரிக்காரங்க செங்குன்றை இடிக்க மிஷினைக் கொண்டாந்த வருஷம், அதுக்கு முந்தி ஒரு நாள் நான் மேல ஏறிப்போய் ஒரு தீப்பெட்டி நிறைய விதை எடுத்துட்டு வந்தேன். நீங்கதான் லாரியில கீழே காத்துக்கிட்டு இருந்தீங்க.

— ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தேன்.

— ஆமா, அந்த அவசரத்துலதான் ஒரு தீப்பெட்டியோட நிறுத்திக்கிட்டேன். இப்போ அந்தக் குன்று ரோட்டுக்கு அடியில ஜல்லியாக் கிடக்கு. அந்தக் குன்றோட பூ உலகத்துல மிச்சம் இருக்குன்னா இந்தப் பாத்தியில மட்டும்தான். விதை முளைச்சு முதல் வருஷம் புல்லு மாதிரி ஒரே ஒரு இலை. ரெண்டாம் வருஷமும் ஒரு இலை. போன வசந்தம் வரைக்கும் அந்த ஒத்தை இலைதான். வர்ற ஏப்ரல்லதான் முதல் பூ வந்திருக்கணும். ஏழு வருஷம்.

— ஏழு வருஷமா! ஒரு குதிரைக்குட்டி பிறந்து, வளர்ந்து, பந்தயத்துல ஜெயிச்சு, மூட்டு வலின்னு ஓய்வுக்கே போயிருக்கும்.

— சிரிக்காதீங்க.

— சிரிக்கலடி. உன்னை நினைச்சா ஆச்சரியமா இருக்கு, அதைச் சொன்னேன். ஆட்டுக்கு நோய் வந்தா ஒரு வாரம் பார்ப்பேன், அப்புறம் கத்தியை எடுத்துடுவேன். நீ ஒரு இலையை வச்சுக்கிட்டு ஆறு வருஷம் உட்கார்ந்திருக்க. சரி, எப்படி அழுகுச்சு? நோயா?

— தண்ணி. இது மலைச்செடிங்க. ஜூன் பிறந்தா இலையைக் காய விட்டுட்டு மண்ணுக்குள்ள தூங்கப் போயிடும். அப்போ மண்ணு சுடணும், காய்ஞ்சு வெடிச்சுக் கிடக்கணும். அந்தத் தூக்கத்துல தண்ணி நின்னுச்சுன்னா அவ்வளவுதான். நான் ஊர்ல இல்லாதப்போ அக்கா மூணு முறைத் தண்ணியையும் இதுல விட்டிருக்காங்க.

— யாரு? எங்க அண்ணியா?

— ஆமா.

— எங்க அண்ணி பூபுசாராவா? பக்கத்து வயல்காரன் மடையை அரைமணி நேரம் லேட்டா அடைச்சான்னு அவன் மண்வெட்டியைப் பிடுங்கிட்டு வந்து, ஒரு வருஷம் கொடுக்காம வச்சிருந்தாங்களே, அந்த அண்ணியா?

— அதே அக்காதாங்க. யோசிச்சுப் பாருங்க. அப்பேர்ப்பட்டவங்க, இந்த வறட்சியில, கைக்கு எட்டற தூரத்துல தன் பீன்ஸ் நிக்கறப்போ, சேத்துல இறங்கி நின்னு என் தோட்டத்துக்குப் பாய்ச்சியிருக்காங்க. நான்தான் ஒரு வார்த்தை சொல்லாமப் போனேன். ‘தண்ணி விடாதீங்க’ன்னு சொல்ல எத்தனை நேரம் ஆகும்? பொண்ணு போன் பண்ணின பதட்டத்துல ஓடிட்டேன்.

— போய் இப்போ சொல்லிடு. அண்ணி கத்துவாங்க, அப்புறம் அழுவாங்க, அப்புறம் கறி வெட்டுவாங்க. முடிஞ்சுது.

— என்னன்னு சொல்றது? ‘உங்க அன்புதான் என் ஏழு வருஷத்தைக் கொன்னுச்சு’ன்னா? மாட்டேன். நீங்களும் சொல்லக் கூடாது. உங்க அண்ணன்கிட்டகூட.

— மிச்சத்தையும் தோண்டிப் பார்த்துடேன். உள்ளே நல்லது இருந்தாலும் இருக்கும்.

— மாட்டேங்க. அது வருஷா வருஷம் தானா இன்னும் ஆழத்துக்கு இறங்கற கிழங்கு. எங்கே இருக்குன்னு தெரியாமத் தோண்டினா, தப்பிச்சது ஒண்ணு ரெண்டு இருந்தாலும் என் கையாலயே வெட்டிடுவேன். அம்பத்துநாலு வச்சேன். அப்படியே இருக்கட்டும். தெரியாத வரைக்கும் ஒரு ஓரமா ஆசை இருக்கும்ல?

— வசந்தத்துல பாத்தி மொட்டையா இருந்தா அண்ணியே கேப்பாங்களே?

— எலி தின்னுடுச்சுன்னு சொல்லிடுவேன்.

— பாவம்டி அந்த எலி.

*

— அக்கா! என்ன பண்றீங்க நீங்க? விடிஞ்சதுலேர்ந்து மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு.

— பனி அள்றேன். பார்த்தாத் தெரியலையா?

— அள்ளுங்க. அதை ஏன் என் பாத்தி மேல கொட்டறீங்க?

— எங்க முற்றத்துல இடம் இல்லை.

— உங்க முற்றத்துல ரெண்டு லாரி நிறுத்தலாம் அக்கா.

— லாரி நிறுத்தற இடத்துல பனியை நிறுத்தினா லாரியை எங்கே நிறுத்தறது? கேட்டியா கேள்வி.

— ரோட்டுலேர்ந்து வேற தள்ளுவண்டியில கொண்டாறீங்க.

— ரோட்டுல கிடந்தா குதிரை வழுக்கும். ஏண்டி, கொட்டக் கூடாதா? கொட்டினா உன் செடி செத்துடுமா? அதைச் சொல்லு முதல்ல.

— இல்லக்கா, சாகாது. பனி நல்லதுதான்.

— நல்லதுதானே? எவ்வளவு கொட்டலாம்?

— எவ்வளவு வேணாலும். மெதுவாக் கரைஞ்சு மண்ணுக்குள்ள இறங்கும்.

— அப்போ வாயைப் பார்த்துக்கிட்டு நிக்காம அந்தச் சின்ன மண்வெட்டியை எடு.

— இருங்க, கையுறை போட்டுட்டு வர்றேன். அக்கா, இலையுதிர் காலத்துல ரெண்டு மூட்டை பீன்ஸ் அனுப்பினீங்க. போன மாசம் உப்புக்கறி. போன வாரம் ஆப்பிள் ஜாம் ஆறு பாட்டில். எங்க ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு?

— அதிகமா விளைஞ்சுது, அனுப்பினேன். பிடிக்கலன்னா திருப்பிக் கொடு.

— பாதி தின்னாச்சே.

— அப்போ மிச்சத்தையும் தின்னு. ஏ, அந்தப் பக்கம் மிதிக்காதடி, அந்தக் குச்சியெல்லாம் உடையுது பாரு.

— இது காய்ஞ்ச தண்டுதான் அக்கா. நீங்கதான் இதை வெட்டி அடுப்புல வைக்கச் சொன்னீங்க.

— எப்போ சொன்னேன்? சரி, சொல்லியிருப்பேன். இப்போ சொல்லல. தினம் காலையில பத்து மணிக்கு வருதுங்க, சின்னச் சின்னக் குருவிங்க, மூஞ்சி மட்டும் சிவப்பா. இந்த மாசிபத்திரி மேல தொத்திக்கிட்டு விதையைக் கொத்துது, கீழே பனியில உமி விழுது. எங்க வீட்டுக்காரர் டிவியை நிறுத்திட்டு ஜன்னல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்துடறார். முப்பத்தாறு வருஷத்துல நான் ஒரு தடவை சொல்லி அந்த மனுஷன் டிவியை நிறுத்தினதில்லை. ஊர் பூரா தோட்டம் வெள்ளையா, வழுக்கைத் தலையாக் கிடக்கு. உன்னோடதுல மட்டும்தான் ஏதோ நடக்குது. ஒத்துக்கறேன், போ.

— அக்கா, நீங்களா பேசறீங்க?

— குளிர்ல உளர்றேன்னு வச்சுக்கோ. ஜிபார், இந்தப் பாத்தியில என்ன இருக்கு? இந்தக் கல் அடுக்கினதுக்கு உள்ளே? நீ போன அக்டோபர்ல இங்கே உட்கார்ந்து அழுததை நான் ஜன்னல்லேர்ந்து பார்த்தேன்.

— அது... கண்ணுல மண்ணு.

— ஒரு தடவை பஸ் தூசி, ஒரு தடவை மண்ணு. உன் கண்ணுல என்ன, குவாரி ஓடுதா? சொல்லுடி.

— செங்குன்றுத் துலிப்பு அக்கா. அந்தக் குன்றை உடைக்கறதுக்கு முந்தி எடுத்த விதையிலேர்ந்து வளர்த்தது.

— எந்தச் செங்குன்று? நம்ம செங்குன்றா?

— ஆமா அக்கா.

— இதுக்குள்ளயா? இந்தப் பனிக்கு அடியிலயா?

— ஆமா. ஏன் மண்வெட்டியைக் கீழே போட்டுட்டீங்க?

— நான் இந்த ஊருக்கு மருமகளா வந்தது ஏப்ரல் மாசம்டி. தலையில வெள்ளைத் துணியைப் போட்டு வண்டியில உட்கார வச்சாங்க. எங்க அம்மா வீட்டு வாசல்லேர்ந்து அழ ஆரம்பிச்சேன், ஆறு ஊர் தாண்டியும் நிறுத்தல. துணியெல்லாம் மூக்குச் சளி. செங்குன்று திருப்பத்துல வண்டி நின்னுச்சு, டயர் பஞ்சர். துணியைத் தூக்கிப் பார்த்தேன். குன்று பூரா, அடிவாரத்துலேர்ந்து உச்சி வரைக்கும் சிவப்பு. காத்து அடிச்சா அப்படியே மொத்தமா அசையுது. எனக்கு அழுகை நின்னுபோச்சு. ‘இவ்வளவு அழகா ஒண்ணு வாசல்ல இருக்கற ஊர்ல எவ்வளவு கெட்டவங்கதான் இருந்துடப் போறாங்க’ன்னு நினைச்சேன். அப்புறம் வந்து நம்ம மாமியாரைப் பார்த்தேன், அது வேற கதை.

— அக்கா!

— அந்தக் குன்றை உடைச்ச அன்னைக்கு நான் வீட்டுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டேன். யாருக்கும் சொல்லல. பீன்ஸ் போடற பொம்பளை பூவுக்கு அழுதான்னா சிரிப்பாங்க. ஏண்டி, நீ இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? நான் ஏதோ ஆட்டுப்புல்லுன்னுல்ல நினைச்சுக்கிட்டேன். தெரிஞ்சிருந்தா நான்...

— தெரிஞ்சிருந்தா என்ன அக்கா? உங்களால ஆனதெல்லாம் செஞ்சீங்களே. மடையைத் திறந்து விடற எசென்கூடச் சொன்னார், ‘உங்க முறையில ஒரு சொட்டு வீணாப் போகலம்மா, உங்க ஓரகத்தி ஒரு நிமிஷம்கூட விடல’ன்னு.

— எசெனா? அவன் வேற என்ன சொன்னான்?

— வேற ஒண்ணும் சொல்லல.

— அவன் ஒரு வாயாடி. அவன் பேச்சை எடுத்துக்காத. ஜிபார், ஒண்ணு கேக்கணும்.

— கேளுங்க அக்கா.

— ஒரு செடி, கோடை பூரா... ஒண்ணுமில்லை.

— என்னக்கா?

— ஒண்ணுமில்லன்னேன்ல. நீ ஏதோ சொல்ல வாயைத் திறந்த, என்ன?

— நானா? அந்த பீன்ஸ் சூப் ரொம்ப ருசின்னு சொல்ல வந்தேன்.

— சூப்பாம். அள்ளு, அள்ளு. அந்தப் பள்ளிக்கூடச் சுவரோரம் ஒரு குவியல் கிடக்கு. அது சுத்தமான பனி. தள்ளுவண்டியை எடு, அதையும் கொண்டாந்துடலாம்.

*

— பை அங்கேயே கிடக்கட்டும். டீ அப்புறம். தலையைக் குனிஞ்சுக்கிட்டே என் பின்னாடி வா, நான் சொல்ற வரைக்கும் நிமிராத.

— அக்கா, நானே சொல்லணும்னு இருந்தேன். பேரனுக்குக் காய்ச்சல்னு பிப்ரவரியில திரும்பவும் போனவ, ஏப்ரல் பாதியாயிடுச்சு. அந்தப் பாத்தி மொட்டையா இருக்கும், நீங்க மனசுல எதுவும் வச்சுக்காதீங்க. எலி... இந்த வருஷம் எலித் தொல்லை அதிகம்னு...

— எலியா? எந்த எலி? நிமிர்ந்து பாருடி.

— அக்கா.

— பாரு நல்லா.

— அக்கா, என் கையைப் பிடிங்க.

— பிடிச்சுட்டேன். விழுந்தாலும் இந்தப் பக்கம் விழு, பூ மேல விழுந்து தொலைக்காத. முப்பத்தெட்டுப் பூ. ஏழுல இலை மட்டும் வந்திருக்கு. தினம் மூணு தடவை எண்ணறேன்.

— முப்பத்தெட்டா...

— போன்ல சொல்லக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். உன் வீட்டுக்காரன் மேதெர் ரெண்டு தடவை உளறப் பார்த்தான், தலையில ஒரு குட்டு வச்சேன். முதல்ல மார்ச் மாசம், பனி இன்னும் முழுசா உருகல, அதுக்குள்ள அந்த ஓரத்துல வெள்ளையா ஒரு பூ. பனியைக் குடைஞ்சுக்கிட்டு வந்து நிக்குது, நடுவுல மஞ்சளா. நான் பயந்துட்டேன், யாரோ முட்டையை உடைச்சுப் போட்டுட்டாங்கன்னு.

— அது மலைக் குங்குமப்பூ அக்கா. நான் நட்டதுதான்.

— அப்புறம் இந்த இலை. பூனை நகத்தால கீறின மாதிரி ஊதா ஊதாவாக் கோடு. இதை எங்கேயோ பார்த்திருக்கேனே, எங்கேயோ பார்த்திருக்கேனேன்னு ரெண்டு நாள் தூக்கம் இல்லை. அந்தப் பஞ்சர் ஆன வண்டி! வண்டியிலேர்ந்து இறங்கி, சக்கரத்துக்குப் பக்கத்துல குந்தி, இந்தக் கோட்டை விரலால தடவியிருக்கேன், பத்தொம்பது வயசுல. போன திங்கக்கிழமை காலையில கதவைத் திறந்தா முதல் பூ. எங்க வீட்டுக்காரரை எழுப்பினேன். அந்த மனுஷன் செருப்பைக் கழட்டிட்டு நின்னார்டி. மசூதியில நிக்கற மாதிரி.

— அழாதீங்க அக்கா.

— நீ அழறப்போ நான் ஏதாவது கேட்டேனா? பஸ் தூசின்னு எழுதிக்கோ. ஊர்ல ஒருத்தர் பாக்கி இல்லை, எல்லாரும் வந்து பார்த்தாச்சு. ஆட்டுக்கு விருந்துன்னு சிரிச்ச சலிமா, செல்போன்ல படம் எடுத்து அவ தங்கச்சிக்கு அனுப்பறா, ‘எங்க தெரு’ன்னு. நேத்து அவகிட்ட கேட்டேன், ‘ஏண்டி, ஆடு உன்னைக் கூப்பிடலயா’ன்னு. நீ ஏழு வருஷம் ஒத்தை இலையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்த கதையை மேதெர் சொன்னான். இந்தத் தெருவுல வேற எவளுக்கு வரும் அந்தப் பொறுமை? உன் முன்னாடி நாங்கெல்லாம் பீன்ஸ் கொட்டைதான், போ.

— அக்கா, வேலியோர வரிசையில மட்டும் ஒண்ணும் வரலையே.

— ஆமா, அங்கே ஒம்போது போச்சு. என் பீன்ஸ் பக்கமா இருக்கற வரிசை. ஏன்னு தெரியல.

— ஒம்போதுதானா? நான் அம்பத்துநாலும் போச்சுன்னு நினைச்சேன். எட்டு மாசமா நினைச்சுக்கிட்டு இருந்தேன். அக்கா, இங்கே உட்காருங்க. இனிமே மனசுல வச்சுக்கிட்டு இருந்தா எனக்குப் பாவம் வரும். நான் உங்களுக்கு ஒரு துரோகம் பண்ணியிருக்கேன்.

— நீயா? எனக்கா?

— போன கோடையில நீங்க மூணு முறைத் தண்ணி விட்டேன்னு சொன்னீங்களே, அந்த நிமிஷம் எனக்கு உங்க மேல என்ன கோபம் வந்துச்சு தெரியுமா? வாய்ல சந்தோஷம்னு சொன்னேன், உள்ளே உங்களைத் திட்டினேன். நீங்க போட்ட போர்சோக்கைத் தின்னுக்கிட்டே திட்டினேன்.

— தண்ணி விட்டதுக்கா திட்டின?

— ஆமா அக்கா. இந்தக் கிழங்கு மேல கோடையில ஒரு சொட்டுத் தண்ணிகூடப் படக் கூடாது. பட்டா அழுகிடும். இலையுதிர் காலத்துல அந்த வேலியோரம் தோண்டிப் பார்த்தேன், அழுகியிருந்துச்சு. எல்லாத்தையும் நீங்க கொன்னுட்டீங்கன்னே முடிவு பண்ணிட்டேன். நீங்க மூட்டை மூட்டையா பீன்ஸ் அனுப்பறீங்க, ஜாம் அனுப்பறீங்க, குளிர்ல கை வெடிக்கப் பனி அள்றீங்க, நான் சிரிச்சுச் சிரிச்சு வாங்கிக்கிட்டு உள்ளுக்குள்ள ‘கொலைகாரி’ன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்.

— இரு, இரு. திரும்பச் சொல்லு. கோடையில தண்ணி விடலன்னா?

— விடலன்னாத்தான் இது நல்லா இருக்கும். செங்குன்றுக்கு யாரு அக்கா தண்ணி பாய்ச்சினா? கோடை பூரா காய்ஞ்சு வெடிச்சுக் கிடக்கும், குளிர்காலம் பூரா மேல பனி கிடக்கும். அந்தப் பனி உருகிக் குடிச்சுத்தான் சிவப்பா நிக்கும். இதுக்கு வேண்டியது அந்த ரெண்டுதான், முதல்ல காயறது, அப்புறம் பனி.

— அந்த ரெண்டுதானா?

— ஆமா. பனிக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல, இந்தப் பூ இவ்வளவு பெருசா வந்திருக்கறது நீங்க கொட்டின பனியாலதான். ஆனா அந்த மூணு முறைத் தண்ணியை எப்படித் தாங்கிச்சுன்னுதான் எனக்குப் புரியல. இருபது வருஷம் விதைக் கிடங்குல இருந்திருக்கேன், இப்படிக் கண்டதில்லை, கேட்டதில்லை. உங்க கை ராசிதான் அக்கா. சுத்தமான மனசோட விட்ட தண்ணி, அதான் விஷமாகல. என்னை மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.

— ஜிபார், எழுந்திரு.

— சொன்னாத்தான் எழுந்திருப்பேன்.

— எழுந்திருடின்னா! மண்டி போட வேண்டியவ நீ இல்லை. அன்னைக்கு சேறும் இல்லை, தவளையும் இல்லை. மூணு முறைத் தண்ணியும் என் பீன்ஸ்தான் குடிச்சுது, அந்த ஒம்போதும் அங்கேர்ந்து கசிஞ்சதுல போனதா இருக்கும். அக்டோபர்ல நீ அழுததைப் பார்த்துட்டு, உன்கிட்ட எடுத்த தண்ணியை எப்படித் திருப்பறதுன்னு தெரியாமத்தான் பனியா அள்ளிக் கொட்டினேன். உன் தோட்டத்துக்கு நான் ஒரு சொட்டுகூட விடலடி.